பில் போட முடியாத ஈ

தலைப்பைப் பார்த்துவிட்டு கணக்குப் பதிவியல் பாடம் என்று நினைத்து ஓடிவிடாதீர்கள் மக்களே. இது நிஜமாகவே ஒரு ஈயைப் பற்றியதுதான். பெயர் புரோசெசிடோகேரஸ் யூட்டிலிஸ். (ஒரே மூச்சில் சொல்கிறவர்களுக்கு கேன்டீனில் ஒரு பஜ்ஜி, என் கணக்கில்.) யூட்டிலிஸ் என்றால் லத்தீனில் 'பயனுள்ள' என்று அர்த்தம். மெக்சிகோவிலிருந்து இதை 1945-ல் ஹவாய்க்குக் கொண்டுபோய் வேலைக்கு வைத்தார்கள். அறிவியல் பெயர் வைத்தது 1947-ல். அதாவது முதலில் வேலை, அப்புறம்தான் பெயர். நமக்கெல்லாம் அப்படி ஒரு கொடுப்பினை வருமா தெரியவில்லை.

பி.காம் படிக்கிறவனுக்கு ஈயோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது. என் கருத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். இந்த மாதிரி ஈக்களை அரசாங்கப் பணத்தில் இறக்குமதி செய்து காட்டில் விடுவது நல்ல செலவு. ஆனால் விட்டதோடு கையைத் தட்டிவிட்டுக் கிளம்புவது மகா மோசமான கணக்கு. ஈயை விட ஒதுக்கும் பணத்தோடு சேர்த்து, அடுத்த இருபது வருஷம் அதை எண்ணிப் பார்க்கவும் பணம் ஒதுக்க வேண்டும். முடியாது என்றால் விடவே கூடாது. இவ்வளவுதான் சங்கதி. இனி கொஞ்சம் நீட்டி முழக்குகிறேன்.

முதலில் இந்த ஈ என்ன செய்கிறது? பழ ஈ குடும்பம். வீட்டில் கனிந்த வாழைப்பழத்தின் மேல் சுற்றுமே ஒரு பொடி ஈ, அது வேற. மாம்பழத்தை ஆசையாக நறுக்கும்போது உள்ளேயிருந்து வெள்ளைப் புழு நெளியுமே, அதன் அம்மாதான் இந்தக் குடும்பம். ஆனால் நம்ம ஆள் பழத்தைத் தொடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட செடியின் இளந்தண்டு நுனியில் முட்டையிடும். பொரிந்த புழு தண்டுக்குள் நுழைந்ததும் செடி அந்த இடத்தில் உருண்டையாக வீங்கிக்கொள்ளும். அந்த வீக்கம்தான் புழுவுக்கு வீடு, அதுவே சாப்பாடும். ஒரே கொப்புளத்துக்குள் பல புழுக்கள் கூட்டுக்குடித்தனம் நடத்தும். வளர்ந்த புழு வெளியேற வேண்டிய இடத்தில் மெல்லிசாக ஒரு தோலை மட்டும் ஜன்னல் மாதிரி விட்டுவைத்துவிட்டு உள்ளேயே கூட்டுப்புழு ஆகிவிடும். பிறகு ஈயாகி அந்த ஜன்னலை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

இப்படிச் செடியைக் கொண்டே வீடு கட்டவைப்பது நமக்குப் புதுசு ஒன்றும் இல்லை. நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் என்று வாங்கி குழந்தைக்கு உரசிக் கொடுக்கிறார்களே, அது காயே கிடையாது! ஓக் மரத்தில் ஒரு குட்டிக் குளவி கட்டவைத்த வீடு. நெற்பயிரில் ஆனைக்கொம்பன் ஈ வந்தால் குருத்து வெங்காயத்தாள் மாதிரிக் குழலாகிவிடும் என்று தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அதுவும் இதே வித்தைதான், ஈயின் குடும்பம்தான் வேறு.

நம்ம ஈ வீடு கட்டும் செடியின் பெயர் குரோஃப்டன் களை. இதுவும் மெக்சிகோக்காரிதான். வெள்ளை வெள்ளையாகக் கொத்துப்பூ பூக்கும், பார்க்க அழகாக இருக்கும். அந்த அழகால்தான் தோட்டச் செடி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேற்றினார்கள். போன இடத்திலெல்லாம் வேலியைத் தாண்டி ஓடிவிட்டது. நேபாளத்தில் இதை 'பன்மாரா' என்கிறார்கள், வனத்தைக் கொல்வது என்று பொருள். ஆஸ்திரேலியாவில் இதை மேய்ந்த குதிரைகளுக்கு நுரையீரல் கெட்டு மூச்சிரைத்துச் செத்தன. நுமின்பா குதிரை நோய் என்று அந்த ஊர்ப் பெயராலேயே அதற்குப் பெயர். இந்தச் செடிக்கு மகரந்தச் சேர்க்கையே வேண்டாம், தானாகவே விதை வைக்கும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் வைக்கும். விதைக்குப் பஞ்சுக் குடை வேறு, காற்றில் ஏறி மலைச்சரிவு முழுக்க இறங்கிவிடும். நீலகிரியில் சாலையோரச் சரிவிலும் ஓடைக்கரையிலும் இதைப் பார்த்திருப்பீர்கள், பேர்தான் தெரிந்திருக்காது. ஊட்டி டூரில் பின்னணியில் வெள்ளைப்பூ வைத்து போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் ஆல்பத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள் :-)

சரி, இப்போது கணக்குக்கு வருவோம்.

ஒரு களைக்கொல்லிக் கம்பெனி இருக்கிறது. டப்பாவில் மருந்து விற்கிறது. இந்த வருஷம் அடித்தால் அடுத்த வருஷமும் அடிக்க வேண்டும், வாடிக்கையாளர் திரும்பி வருவார். பில் போடலாம், லாபம் பார்க்கலாம், விளம்பரம் செய்யலாம். ஜேசிபி வைத்திருப்பவருக்கும் அப்படியே. சீமைக்கருவேலத்தைப் பிடுங்க டெண்டர் விட்டால் மணிக்கணக்குக்கு ரேட், டீசல் தனி. அடுத்த மழைக்கு மறுபடி முளைத்தால் மறுபடி டெண்டர்.

ஈக்கு? ஒரு எஸ்டேட்காரர் காசு கொடுத்து ஈ வாங்கி விட்டார் என்று வையுங்கள். அது பக்கத்து எஸ்டேட்டுக்கும் பறக்கும், ஊராட்சிப் புறம்போக்குக்கும் பறக்கும், காட்டுக்கும் பறக்கும். "நீ காசு கொடுக்கவில்லை, உன் நிலத்துக் களையைத் தொடமாட்டேன்" என்று அது சொல்லாது. முதல் ஆள் வாங்கிவிட்டால் இரண்டாவது ஆள் வாங்கவே தேவையில்லை. அடுத்த வருஷம் முதல் ஆளுக்கும் தேவையில்லை, அது தானே குட்டி போட்டுக்கொள்ளும். பொருளாதார வகுப்பில் பொதுப் பண்டம் என்று சொல்லிக் கலங்கரை விளக்கத்தை உதாரணம் கொடுப்பார்களே, அதைவிட இது சுத்தமான உதாரணம். கலங்கரை விளக்கத்துக்காவது துறைமுகத்தில் கட்டணம் வசூல் பண்ணலாம். ஈக்கு எந்த டோல்கேட்டில் நின்று வசூலிப்பது?

இந்த ஈயின் பயணப் பட்டியலே இதற்குச் சாட்சி. ஹவாயிலிருந்து 1952-ல் ஆஸ்திரேலியா. 1958-ல் நியூசிலாந்து. நியூசிலாந்திலிருந்து 1963-ல் இந்தியா. இங்கே நீலகிரியிலும் டார்ஜிலிங், காலிம்போங் பக்கமும் விட்டார்கள். அப்புறம்தான் வேடிக்கை. யாரும் கூப்பிடாமல் தானே எல்லை தாண்டி நேபாளம் போனது. அங்கிருந்து இமயமலையில் ஏறி திபெத்துக்குள் நுழைந்துவிட்டது. சீன விஞ்ஞானிகள் 1984-ல் அங்கே, நேபாள எல்லையோரத்தில், அதைப் பிடித்து யூனானுக்குக் கொண்டுபோனார்கள். இந்தியா பணம் போட்டு இறக்குமதி செய்த சரக்கு பாஸ்போர்ட், கஸ்டம்ஸ் எதுவும் இல்லாமல் இரண்டு நாடுகளுக்கு இலவசமாகப் போய்ச் சேர்ந்தது. இதை எந்தக் கம்பெனி செய்யும்?

அதனால்தான் இது அரசாங்கம் செய்ய வேண்டிய செலவு என்கிறேன். செலவுக்கு வரவும் உண்டு. களைகளுக்கு எதிராகப் பூச்சிகளை இறக்கியதன் பொருளாதாரப் பலனை ஆஸ்திரேலியாவில் கூட்டிப் பார்த்து 2006-ல் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். போட்ட ஒரு டாலருக்கு சராசரியாக 23 டாலர் திரும்பி வந்திருக்கிறது. (எந்த மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்டும் இப்படி வாக்குக் கொடுக்கமாட்டார். கொடுத்தால் ஓடிவிடுங்கள்.) ஆனால் அது சராசரி என்பதை மறக்கக் கூடாது. சப்பாத்திக்கள்ளி மாதிரி சில பிரம்மாண்ட வெற்றிகள்தான் அந்த எண்ணைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. கூடவே சுத்தமாக ஒன்றும் தேறாத முயற்சிகளும் உண்டு. எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று முன்கூட்டியே தெரியாத பந்தயம் இது. அப்படிப்பட்ட இடத்தில் புத்தகம் எழுதி வைப்பது இன்னும் அவசியம் இல்லையா?

சப்பாத்திக்கள்ளி என்றதும் நினைவு வருகிறது. உலகத்திலேயே நாடு விட்டு நாடு கொண்டுவந்த பூச்சி ஒரு களையை அடக்கிய முதல் கதை நம்ம பக்கத்துக் கதைதான். சிவப்புச் சாயம் எடுக்கும் பூச்சி என்று நினைத்து 1795-ல் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சாயத்துக்கு லாயக்கில்லாத இனம், வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் அது கள்ளியை வெளுத்து வாங்குவதைப் பார்த்து 1830-களில் தென்னிந்தியாவுக்கும், 1865 வாக்கில் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். நஷ்டக் கணக்கில் எழுதிய சரக்கு வேறு பக்கத்தில் லாபமாக வந்து நின்றது!

நம்ம ஈக்குத் திரும்புவோம். ஹவாயில் அது என்ன சாதித்தது என்பது நமக்கு நன்றாகவே தெரியும். காரணம், பெஸ், ஹராமோட்டோ என்று இரண்டு பூச்சியியலாளர்கள் விடாமல் எண்ணினார்கள். 1950-லிருந்து 1957 வரை ஒரு சுற்று. கிட்டத்தட்ட பத்து வருஷம் கழித்து 1966-லிருந்து 1971 வரை மறுபடி ஒரு சுற்று. செடி எத்தனை, ஈ எத்தனை, ஈயைத் தின்னும் குளவி எத்தனை என்று மூன்று பத்தி. அதனால்தான் வறண்ட பகுதிகளில் களை நன்றாக அடங்கியது, ஈரம் அதிகமான பகுதிகளில் அவ்வளவாக இல்லை என்று இன்றைக்கு நம்மால் பேச முடிகிறது. ஈரம் நிறைய இருந்தால் செடி பத்துக் கொப்புளம் வந்தாலும் பக்கத்தில் இருபது கிளை விட்டுவிடும் போல.

அந்தக் குளவி விஷயம் இன்னும் சுவாரஸ்யம். மத்தியதரைக்கடல் பழ ஈ என்று பழத்தோட்டங்களை நாசம் செய்யும் ஒரு ஈ உண்டு. அதை ஒழிக்க 1913-ல் ஹவாய்க்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்திருந்தார்கள். முப்பது வருஷம் கழித்து வந்த நம்ம ஈயும் அதே குடும்பமா... குளவிக்குப் புது மெனு கிடைத்தது. ஒரு காலத்தில் அரசு செலவில் வந்த குளவி, இன்னொரு காலத்தில் அரசு செலவில் வந்த ஈயைத் தின்றது. ஒரு பேரேட்டின் வரவு இன்னொரு பேரேட்டில் செலவு. ஆஸ்திரேலியாவில் இதற்கு நேர்மாறு. ஈயோடு ஒட்டிக்கொண்டு ஒரு இலைப்புள்ளிப் பூஞ்சையும் ஹவாயிலிருந்து வந்துவிட்டதாகக் கருதுகிறார்கள். அதுவும் களையைத் தாக்கியது. ஆர்டர் கொடுக்காத சரக்கு லாரியில் வந்து இறங்கி லாபமும் கொடுத்தது.

இப்படி எல்லா எதிர்பாராத விஷயமும் நல்லதாகவே முடியாது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக்குப் போய் வருவோம். அங்கே நாப்வீட் என்று ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு களை. அதை அடக்க 1970-களில் யூரோஃபோரா என்ற, நம்ம ஈயின் உறவுக்கார ஈக்களைக் கொண்டுவந்தார்கள். இவை பூக்கொண்டைக்குள் கொப்புளம் கட்டும். விதை குறைந்தது, ஆனால் களை அடங்கவில்லை. வேறு செடி எதையும் ஈ தொடவும் இல்லை. 'பாதுகாப்பானது, ஆனால் பலன் போதாது' என்று எழுதி ஃபைலை மூடியிருக்கலாம்.

மூடாமல் பியர்சன், காலவே என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எலிகளை எண்ணினார்கள். குளிர்காலம் முழுக்க கொப்புளத்துக்குள் கொழுத்த புழுக்கள். பனியில் சாப்பாடு கிடைக்காமல் தவிக்க வேண்டிய மான் எலிகளுக்கு இலவச ரேஷன்! களை மண்டிய இடங்களில் எலிகள் இரண்டு மூன்று மடங்கு பெருகின. இந்த எலிகள்தான் ஹான்டா வைரஸைச் சுமப்பவை. 1993-ல் தென்மேற்கு அமெரிக்காவில் பலரைக் கொன்று கண்டறியப்பட்ட அதே வைரஸ். அந்த வைரஸின் தடயம் இருந்த எலிகளின் எண்ணிக்கையும் அந்த இடங்களில் மூன்று மடங்குக்கு மேல் என்று 2006-ல் எழுதினார்கள். அவர்கள் எண்ணியது எலிகளை, மனிதர்களை அல்ல, அதனால் ஈயால் இத்தனை பேர் செத்தார்கள் என்று நான் கதை விடமாட்டேன். ஆனால் வணிகவியல் படிக்கிற எவனுக்கும் இது என்னவென்று தெரியும். ஐந்தொகையில் காட்டாத பொறுப்பு. ஆடிட்டர் தோண்டினால்தான் வெளியே வரும்.

இங்கே நான் கவனிக்கச் சொல்வது ஒரு விஷயம். களையை முழுசாக அடக்கும் ஈ தானும் குறைந்துபோகும், வீடு கட்டச் செடி இருக்காதே. அரைகுறையாக வேலை செய்யும் ஈதான் ஆபத்தானது. களையும் நிறைய, ஈயும் நிறைய, அந்த ஈயைத் தின்ன வருகிற கூட்டமும் நிறைய. ஆக, 'பெரிய பலன் இல்லை' என்று தெரிந்த இடத்தில்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நாமோ தோற்றுப்போன இடத்தில்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

நீலகிரி ஈ அந்த வகைதான். இந்தியப் பட்டியல்களில் அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வரி: 1963-ல் விடப்பட்டது, நிலைபெற்றது, உள்ளூர் ஒட்டுண்ணிக் குளவிகள் தாக்குவதால் பலன் குறைவு. பட்டியலுக்குப் பட்டியல் அதே வரி. எனக்கு அந்த வரியைப் படித்ததும் கேள்விகள்தான் வருகின்றன. மெக்சிகோ ஈ என்ற புது சாப்பாட்டைத் தின்று அந்தக் குளவிகள் பெருகினவா? பெருகியிருந்தால், அவை அதற்கு முன்பு சாப்பிட்டுவந்த, சோலைக்காட்டுச் செடிகளில் கொப்புளம் கட்டி வாழும் நம் உள்ளூர் ஈக்கள் என்ன ஆயின? பள்ளத்தாக்கின் வறண்ட பக்கத்தில் ஹவாய் போலவே களை அடங்கியதா? 'பலன் குறைவு' என்பதும் ஒரு முடிவுதான். எங்கே, எந்த உயரத்தில், எவ்வளவு குறைவு என்று சொல்லாத முடிவை வைத்து அடுத்த முதலீட்டை எப்படித் தீர்மானிப்பது?

"தோற்றுப்போனதற்கு எதற்கு இவ்வளவு பேச்சு, நிறுத்திவிட்டுப் போகலாமே" என்று ஹாஸ்டலில் ஒரு நண்பன் கேட்டான். அங்கேதான் சிக்கல் மச்சான். கம்பெனி நஷ்டமானால் மூடலாம். வாராக்கடனைத் தள்ளுபடி செய்யலாம். ஈயைத் திரும்பக் கூப்பிட முடியாது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அது பாட்டுக்குத் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது. நிறுத்துவதற்கு சுவிட்ச் இல்லாத ஒரே அரசுத் திட்டம் இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொரு நண்பர் கூட்டம் எதிர்ப்பக்கம். "வெளிநாட்டுப் பூச்சியே வேண்டாம், இயற்கை தானே சரிசெய்துகொள்ளும்" என்கிறார்கள். இவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. செடியைக் கப்பலில் கொண்டுவந்ததே மனிதன். அதன் எதிரியை மட்டும் மெக்சிகோவிலேயே விட்டுவிட்டு வந்ததும் மனிதன். இதில் 'இயற்கை தானே' எங்கே வருகிறது? பப்புவா நியூ கினியைப் பாருங்கள். அங்கே குரோமோலேனா என்ற களை விவசாயிகளின் தோட்டங்களை மூடிக்கொண்டிருந்தது. (கேரளத்தில் கம்யூனிஸ்ட் பச்சை என்பார்களே, அதேதான்.) அதன் தண்டில் கொப்புளம் கட்டும் செசிடோகேரஸ் கனெக்சா என்ற இன்னொரு ஈயை 1995-ல் இந்தோனேசியாவில் விட்டு, அங்கிருந்து 2001-ல் பப்புவா நியூ கினிக்குக் கொண்டுபோனார்கள். பல மாகாணங்களில் களை அடங்கியது. களை எடுக்கும் நேரம் குறைந்தது, விளைச்சலும் வருமானமும் கூடியது என்று விவசாயிகளே சொன்னார்கள். எப்படித் தெரியும்? ஆஸ்திரேலிய அரசின் நிதியில், விட்ட பிறகு வீடு வீடாகப் போய் கேட்டார்கள். ஈக்கான திட்டத்திலேயே கேட்பதற்கான செலவும் சேர்ந்திருந்தது. இந்த ஈ இந்தியாவுக்கும் வந்து 2005-ல் பெங்களூரில் விடப்பட்டது.

தமிழ்நாடு அரசு 2022-ல் அயல் தாவரங்களை அகற்றுவது பற்றி ஒரு கொள்கையே வெளியிட்டது. நல்ல விஷயம். பிடுங்குவதற்குப் பணம் வரும், ஏனென்றால் பிடுங்குவதற்கு பில் இருக்கிறது. எத்தனை ஏக்கர் என்று அளந்து போட்டோ எடுத்து அனுப்பலாம். ஈயை எண்ணுவதற்கு டெண்டர் எடுக்க யாரும் வரமாட்டார்கள், அதில் கமிஷனும் கிடையாது.

இத்தனைக்கும் பெரிய செலவு இல்லை. குன்னூரிலிருந்து மேலே ஏறும் பாதையில் உயரத்துக்கு ஒன்றாக ஒரு இருபது இடம் குறித்துக்கொள்ள வேண்டும். வருஷத்துக்கு நாலு தடவை போய், நூறு தண்டில் எத்தனை கொப்புளம் என்று எண்ண வேண்டும். கொஞ்சம் கொப்புளங்களைப் பறித்து, வலைத்துணி கட்டிய பாட்டிலில் போட்டு வைத்தால் உள்ளேயிருந்து வருவது ஈயா குளவியா என்று தெரிந்துவிடும். விலங்கியல் முதுகலை மாணவர்கள் இரண்டு பேர், ஒரு நோட்டு, பஸ் செலவு, பாட்டில். பட்ஜெட் போட்டுத் தரச் சொன்னால் நானே போட்டுத் தருகிறேன், பத்து வருஷத்துக்குச் சேர்த்துப் போட்டாலும் ஜேசிபியின் ஒரு மாத டீசலைத் தாண்டாது என்றுதான் நினைக்கிறேன்.